பாவில் பதினாலு, ஊடையில் பதிமூணு

சென்னிமலையில் முப்பத்திரண்டு வருஷம் பெட்ஷீட்டுக்கு டிசைன் கிராஃப் வரைந்தவன் நான். அந்தத் தாளில் எட்டுக்கு எட்டு கட்டத்துக்கு ஒரு தடிக்கோடு இருக்கும். மயிலோ மாங்காயோ, கட்டங்களைப் புள்ளி புள்ளியாக நிரப்பிக் கொடுத்தால் அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். அட்டை தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏறும், மயில் தறியில் இறங்கும். கம்ப்யூட்டரில் டிசைன் போட ஆரம்பித்த பிறகு எனக்குச் சோலி குறைந்தது. கண்ணில் புரை வேறு. ஆபரேஷன் முடிந்து பார்வை சரியானபோது வரைவதற்கு யாரும் கூப்பிடவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாரியம்மன் நோம்பிக்குக் கோயமுத்தூரிலிருந்து மகள் வந்திருந்தாள். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த, கட்டம் எண்ணித் தைக்கிற மேட்டி துணி ஒரு துண்டு, நூல் நாலு கண்டு, ஒரு ஊசி. பாதி போட்ட வாத்தோடு மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மீதி வாத்தை நான் முடித்தேன். நான் இத்தனை வருஷம் வரைந்த கிராஃப்தானே இது, அட்டைக்குப் பதில் ஊசி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று பட்டது. கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைத்துப் படம் போடுவதுதான் கிராஸ் ஸ்டிச். அன்றைக்குப் பிடித்த அந்தப் பைத்தியம் இன்னும் விடவில்லை. ஆம்பளை என்ன பூத்தையல் போட்டுக்கொண்டு என்று டீக்கடையில் கேட்டார்கள். உங்க அப்பாரு நாள் பூராத் தறிக்குழியில் உட்கார்ந்து பூவோட்டம்தானே போட்டார் என்றேன். அதற்குப் பிறகு கேட்பதில்லை.

எங்கள் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் ஆங்கர் கம்பெனிப் பூத்தையல் நூல் முப்பது கலர் இருக்கும். மேட்டி துணி வெள்ளையில் மட்டும். டிசைன் புத்தகம் கேட்டால் கோலப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார்கள். ஈரோட்டில் கொஞ்சம் பரவாயில்லை, கோயமுத்தூர் ராஜ வீதிப் பக்கம் போனால் இன்னும் கொஞ்சம். கிராஸ்கட் ரோட்டில் கிராஸ் ஸ்டிச் சாமான் தேடி அலைந்த பெருமையும் எனக்கு உண்டு. ஆனால் இரண்டு கண்டு நூலுக்காக ஒரு பகல் பஸ்ஸில் போவதை என் வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் தபால்தான். இந்த நாலு வருஷத்தில் ஐந்து இடத்தில் வாங்கியிருக்கிறேன். கடைகளின் பெயரை எழுதப்போவதில்லை. குறை சொல்லும் கடையிடம் அதன் பக்கத்தைக் கேட்காமல் பெயர் போடுவது முறையில்லை. நல்ல கடையின் பெயரை மட்டும் போட்டால் மற்றவை எவை என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எது தபாலில் வாங்கலாம், எது கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்குப் புரிந்த கணக்கு ஒன்றுதான். நம்பர் உள்ள சாமானைத் தபாலில் தைரியமாக வாங்கலாம். நம்பர் இல்லாததை வாங்கினால் அடி விழும்.

நூலிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆங்கரில் 403 என்றால் கறுப்பு. எங்கள் ஊரில் வாங்கினாலும் டில்லியிலிருந்து வந்தாலும் 403 கறுப்புதான். டி.எம்.சி. என்ற பிரெஞ்சுக் கம்பெனி நூலில் அதே கறுப்பு 310. ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை சேர்ந்திருக்கும். இஞ்சுக்குப் பதினாலு கட்டம் உள்ள துணிக்கு அதில் இரண்டு இழையைப் பிரித்துப் போட வேண்டும். வெட்டும் முடிச்சும் போக, என் கையில் ஒரு கண்டுக்கு 1700 தையல் வரை வருகிறது. டி.எம்.சி.யில் 500 கலர். ஒரு கண்டு டி.எம்.சி. விலைக்கு ஆங்கரில் மூன்று நாலு கண்டு வாங்கிவிடலாம் என்பதால், முகம், கை, பூவிதழ் மாதிரி கலர் மெல்ல மெல்ல இறங்குகிற இடத்துக்கு மட்டும் டி.எம்.சி., மற்றதற்கெல்லாம் ஆங்கர் என்று வைத்திருக்கிறேன். டி.எம்.சி.யின் ஆரம்பம் 1746-ல், மியூலூஸ் நகரத்தில். அப்போது அவர்கள் செய்தது நூல் வியாபாரம் அல்ல. நம் நாட்டுச் சீட்டித் துணியைப் பார்த்து அதே மாதிரி அச்சடித்து, அதற்கு ‘இந்தியத் துணி’ என்றே பெயர் சொல்லி விற்றார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்த நூலின் விலை கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

டி.எம்.சி. நம்பரை ஆங்கர் நம்பராக மாற்றுவதற்கு அட்டவணைகள் கிடைக்கின்றன. 310-க்கு 403, 666 என்ற பளிச் சிவப்புக்கு 46. இந்த மாதிரி அடிப்படைக் கலர்களுக்கு நம்பலாம். வெளிறிய கலர்களுக்கு நம்ப வேண்டாம். டி.எம்.சி.யில் தனித்தனியாக இருக்கும் இரண்டு கலருக்கு அட்டவணை ஒரே ஆங்கர் நம்பரைக் காட்டும். அப்படியே வாங்கினால் கன்னமும் நெற்றியும் ஒரே கலராகி, முகம் அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும்.

நம்பர் சரியாக இருந்தும் ஒரு தடவை மோசம் போனேன். வெண்ணெய்க் கண்ணன் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். தலைமுடிக்கு 403 ஐந்து கண்டு கேட்டிருந்தேன். வந்ததில் மூன்று 403, இரண்டு 152. சீட்டில் ஒரு வார்த்தை இல்லை. 152 நல்ல ஆழ்ந்த நீலம். ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, போட்டுக்கொண்டே போய்விட்டேன். வெடியால வாசலில் உட்கார்ந்து பார்த்த வீட்டம்மா, “ஏனுங்க, கண்ணனுக்கு உடம்புதான் நீலம்னா மண்டையும் பாதி நீலமா இருக்குதே?” என்றாள். பிரித்து எடுக்க மூன்று நாள் ஆயிற்று. நூல் தீர்ந்துபோனது அந்தக் கடையின் குற்றமில்லை. கேட்காமல் மாற்றியதுதான் குற்றம். நான் இப்போது வழக்கமாக வாங்கும் கடையில் ஒரு அம்மா, “403 இருப்பு இல்லை, 382 அனுப்பட்டுமா, அது கறுப்பை ஒட்டிய காப்பிக் கலர்” என்று முதலில் கேட்டுச் செய்தி போடுவார். வேண்டாம் என்றால் அந்தக் காசைக் கழித்துவிட்டு மீதியை அனுப்புவார். இதற்காகவே அந்தக் கடையை விடாமல் பிடித்திருக்கிறேன்.

ஆசைப்பட்டு ஒரு தடவை நம்பர் இல்லாத நூலும் வாங்கினேன். நூறு கண்டு, நூறு கலர், ஒரே பெட்டி, விலை கொள்ளை மலிவு. படத்தில் வானவில் மாதிரி அடுக்கியிருந்தார்கள். காட்டன் என்று எழுதியிருந்தது. கையில் எடுத்ததுமே சந்தேகம். பளபளப்பு அதிகம், விரலில் வழுக்கியது. திண்ணையில் உட்கார்ந்து ஒரு இழையை எடுத்து நெருப்புக் குச்சியில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் பொடியாக உதிர வேண்டும். இது சுருங்கிச் சுருங்கி உருகி, நுனியில் கறுப்பாகக் கடுகு மாதிரி ஒரு உருண்டை நின்றது. பாலியஸ்டர். நூல் வியாபாரத்தில் சின்னப் பையனுக்கும் தெரிந்த சோதனை இது. எங்கள் ஊருக்கு அந்தப் பெட்டியை அனுப்பினார்களே என்று சிரிப்புத்தான் வந்தது.

போகட்டும், பேத்திக்குப் பழகக் கொடுக்கலாம் என்று வைத்தேன். அதிலிருந்த சிவப்பை எடுத்து அவள் ஒரு தேர் போட்டாள். முடித்ததும் துவைத்தோம். தேரைச் சுற்றி ரோஸ் கலரில் ஒரு மேகம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறவன் நான், ஈர வெள்ளைத் துணியில் நூலை அமுக்கிப் பார்த்துச் சாயம் இறங்குகிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. “அப்புச்சி, இது சூரியன் மறையற நேரம்னு வெச்சுக்கலாம்” என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

துணி விஷயம்தான் எனக்கு முக்கியம், இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் கடைகளில் மேட்டி என்று விற்பதும் ஐடா என்று விற்பதும் தூரத்தில் பார்த்தால் ஒன்று மாதிரிதான் இருக்கும். மேட்டி என்பது பாய் முடைகிற மாதிரி, நீளவாக்கில் ஓடும் பாவில் இரண்டு இரண்டு இழை, குறுக்கே ஓடும் ஊடையில் இரண்டு இரண்டு இழை என்று சேர்த்து நெய்தது. ஐடாவில் இழைகள் கொத்துக் கொத்தாக நின்று, கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் ஓட்டை தெளிவாகத் தெரியும். ஊசி தானாக அங்கே போய் இறங்கும். வயசான கண்ணுக்கு ஐடாதான் ஏற்றது. 11, 14, 16, 18 கவுண்ட் என்று சொல்கிற நம்பர், ஒரு இஞ்சில் எத்தனை கட்டம் என்பது.

இங்கே நம்பர் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். நம்பர் இருக்கிறது, இரண்டு பக்கமும் அதே நம்பர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தறி வேலையில் பாவையும் ஊடையையும் எண்ணுவதற்குச் சின்னப் பித்தளைக் கண்ணாடி ஒன்று வைத்திருப்போம். ஒரு இஞ்சு சதுரத்துக்கு ஓட்டை, மேலே பூதக்கண்ணாடி, மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். முதல் தடவை ஒரு கடையில் 14 கவுண்ட் ஐடா ஒரு மீட்டர் வாங்கினேன். பார்சலைப் பிரித்ததும் பழக்கதோஷத்தில் கண்ணாடியை வைத்தேன். கரை வாட்டத்தைப் பார்த்து, குறுக்கே எண்ணினேன், பதினாலு. நீளவாக்கில் எண்ணினேன், பதிமூணு. இடம் மாற்றி மாற்றி நாலு இடத்தில் வைத்தேன். எல்லா இடத்திலும் அதே கதைதான்.

ஒரு கட்டம் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 140-க்கு 140 கட்டம் உள்ள ஒரு வட்டக் கோலம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் சரியாகப் பத்து இஞ்சு வரும். உயரம் பத்தே முக்கால் வரும். வட்டம் கோழி முட்டையாகிவிடும். மயிலுக்குக் கழுத்து நீண்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், மனுஷ முகம் நீண்டால் ஜுரத்தில் கிடந்து எழுந்தவர் மாதிரி இருக்கும்.

கண்ணாடியை வைத்துப் போட்டோ எடுத்து மகள் மூலம் அந்தக் கடைக்கு அனுப்பினேன். கையால் நெய்ததில் இந்த வித்தியாசம் சகஜம் என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தத் துணி கைத்தறியே இல்லை, கரையைப் பார்த்தாலே தெரியும். ஊடையில் சீராக ஒரு கட்டம் குறைகிறதென்றால், துணி சுருட்டுகிற சக்கரத்தில் பல் மாறிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கையின் தப்பு ஒரு இடத்தில் இருக்கும், ஒரு இடத்தில் இருக்காது. மெஷினின் தப்புதான் மீட்டருக்கு மீட்டர் மாறாமல் வரும். கைத்தறிக்காரனிடமே கைத்தறியின் மேல் பழி போட்டால் எப்படி? துணியைத் திருப்பி அனுப்பினேன், போன தபால் செலவு என் தலையில்.

அதற்குப் பிறகு துணி வாங்குவதாக இருந்தால், ஸ்கேலை நீளத்திலும் அகலத்திலும் வைத்து இரண்டு போட்டோ கேட்கிறேன். ஜெர்மனியின் ஸ்வைகார்ட் கம்பெனித் துணியில் நான் வாங்கிய இரண்டு துண்டும் இரண்டு பக்கமும் அட்சரசுத்தம். விலையும் அப்படித்தான், பெரிய படத்துக்கு மட்டும்தான் கட்டும். இன்னொன்று கஞ்சி. விறைப்பாக நிற்கிறதே என்று மயங்க வேண்டாம், கஞ்சியில் நிற்கிற துணியைத் தறியிலேயே பார்த்தவர்கள் நாங்கள். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி நனைத்துக் காயவைத்து, மறுபடியும் எண்ணிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. 140-க்கு 112 கட்டம் உள்ள படம் 14 கவுண்டில் பத்துக்கு எட்டு இஞ்சு. பிரேம் போட நாலு பக்கமும் மூன்று மூன்று இஞ்சு விட்டால் பதினாறுக்குப் பதினாலு வேண்டும். பல கடைகளில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு என்று வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள். எப்படித் திருப்பிப் போட்டாலும் போதாது. கால் மீட்டர் வாங்கினாலும் பத்து இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. அரை மீட்டராகக் கேளுங்கள், மீதித் துண்டில் புத்தகக் குறியோ சாவிக்கொத்தோ போடலாம்.

ஊசியில் சொல்ல அதிகமில்லை. மழுங்கின முனை ஊசி, 14 கவுண்டுக்கு 24-ம் நம்பர். தறி நூலின் நம்பர் மாதிரியேதான் இதுவும், நம்பர் கூடக் கூடச் சன்னம். ‘கிராஸ் ஸ்டிச் ஊசி செட்’ என்று நம்பர் போடாமல் விற்பதை வாங்காதீர்கள், எனக்கு வந்ததில் ஒன்று சாக்குத் தைக்கலாம் போலிருந்தது.

இனி புத்தகம். தபாலில் டிசைன் புத்தகம் வாங்கி ஏமாந்த அனுபவம் எனக்குப் புதிதல்ல. 1989-ல் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ‘500 டிசைன்கள்’ என்று ஒரு புத்தகத்தை வி.பி.பி.யில் வரவழைத்தேன். போஸ்ட்மேன் கையில் 65 ரூபாய் கொடுத்த பிறகுதான் கட்டைப் பிரிக்க முடியும். பிரித்தால், இருபத்தைந்து டிசைனை நேராக, தலைகீழாக, இடவலமாக, கலர் மாற்றி என்று ஐந்நூறாக்கியிருந்தார்கள். நானும் அந்த வித்தையைச் செய்து முதலாளிகளிடம் காசு வாங்கியவன்தான் என்பதால் சத்தம் போடவில்லை.

கிராஸ் ஸ்டிச் புத்தகத்தில் நான் முதலில் பார்ப்பது கோடு. நாங்கள் எட்டுக்கு எட்டு தடிக்கோடு போட்டது, ஜக்கார்டு அட்டையில் ஒரு வரிசைக்கு எட்டு ஓட்டை என்பதால். இங்கே பத்துக்குப் பத்து. தடிக்கோடு இல்லாத கிராஃப் என்றால் நூறாவது கட்டத்தில் கண் நழுவிவிடும், அந்தப் புத்தகத்தை வாங்கவே வேண்டாம். அப்புறம் குறி. கலர் கட்டம் மட்டும் இருந்தால் போதாது, ஒவ்வொரு கலருக்கும் முக்கோணம், புள்ளி, நட்சத்திரம் என்று ஒரு குறி இருக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து வாங்கிய ஒரு புத்தகத்தில், புத்தக விலையைவிடத் தபால் செலவு கூட, ஆனால் வேலை நறுவிசு. நடு எங்கே என்று காட்ட நாலு பக்கமும் அம்புக்குறி. படம் இரண்டு பக்கத்துக்கு நீண்டால், முதல் பக்கத்துக் கடைசி இரண்டு வரிசையை அடுத்த பக்கத்தில் சாம்பல் கலரில் மறுபடி அச்சடித்து, எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டியிருந்தார்கள். இந்தச் சாம்பல் வரிசையைப் பார்த்தபோது, முப்பத்திரண்டு வருஷம் எனக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பெரிய டிசைனுக்கு நான் தாள்களை ஒட்டும்போதெல்லாம் ஒரு வரிசை விட்டுப்போய், அட்டை குத்துகிற பையனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கடையில் வாங்கிய கோயில் படப் புத்தகம் இதற்கு நேர்மாறு. அட்டையில் கோபுரம் அட்டகாசம். உள்ளே, போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு அதுவாகக் கட்டம் பிரித்திருக்கிறது. வானத்துக்கு மட்டும் பதினாறு நீலம். ஒரு கட்டம் ஒரு கலர், பக்கத்துக் கட்டம் வேறு கலர், மணலை அள்ளி வீசின மாதிரி. ஊசியில் நூலை மாற்றி மாற்றியே ஆயுள் போய்விடும். நூல் பட்டியலில் கம்பெனி பெயரே இல்லை, வெறும் நம்பர். எந்தக் கம்பெனி என்று தெரியாத நம்பருக்கு என்ன மதிப்பு? புத்தகம் வாங்குவதற்கு முன்னால் கிராஃப் பக்கம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத கடையில், அட்டைப் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

இப்போது பி.டி.எஃப். ஆகவும் விற்கிறார்கள். காசு கட்டியதும் போனுக்கு வந்துவிடும், எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் அடித்துக்கொள்கிறேன். கறுப்பு வெள்ளையில் அடித்தாலும் குறி இருப்பதால் பாதகமில்லை. பக்கத்து வீட்டு அம்மணி ஒரு பிரதி கேட்டார், கொடுக்கவில்லை. நான் வரைந்த தாமரை ஒன்று காசில்லாமல் பக்கத்து ஊர்த் தறிகளில் ஓடியதைப் பார்த்தவன் நான். அம்மணிக்குக் கோபம்தான், விலாசம் மட்டும் கொடுத்திருக்கிறேன்.

பார்சல் வந்து சேர்வதில் தபால்துறைக்குத்தான் என் ஓட்டு. கூரியர்காரர்கள் பெருந்துறையிலிருந்து போன் செய்து வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், இல்லையென்றால் மளிகைக் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு தடவை என் ஐடா துணி பருப்பு மூட்டைக்கு மேல் ஒரு வாரம் கிடந்தது. போஸ்ட்மேன் தம்பி வாசலுக்கே வந்து, “ஐயா, நூல் வந்துருச்சுங்க” என்பார். பிரித்துப் பார்ப்பதற்குள் கிளம்பவும் மாட்டார், என்ன கலர் என்று அவருக்கும் பார்க்க வேண்டும்.

போன வாரம் ஆங்கர் பன்னிரண்டு கண்டும் 14 கவுண்ட் அரை மீட்டரும் அந்தக் கடையம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஸ்கேல் வைத்த போட்டோ இரண்டும் வந்துவிட்டது. பதிமூணு கட்டத் துணியை அனுப்பிய கடை திருப்பித் தருவதாகச் சொன்ன 340 ரூபாய் இன்னும் வரவில்லை.